பராக்கு தூக்கியடித்த பந்து

சிப்பித்துறைக்கும் நெட்டவிளைக்கும் நடந்த இறுதிப் போட்டியில், ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று சமமாக நின்ற எண்பத்தொன்பதாவது நிமிடத்தில், பராகுவே நாட்டிலிருந்து வந்து சிப்பித்துறைக்காக ஆடிக்கொண்டிருந்த எலாதியோ ஒர்த்தெல்லாதோ நெட்டவிளையின் கோலை நோக்கி உயரமாகத் தூக்கியடித்த பந்து கீழே வரவில்லை. மேலே போனது, தென்னை உயரத்தைத் தாண்டியது, வளைந்தது, இதோ இறங்கப்போகிறது என்று இரண்டு ஊரும் சேர்ந்து வாயைத் திறந்தபோது அங்கேயே நின்றுகொண்டது. காற்று அடித்தது, அசையவில்லை. தூறல் போட்டது, நனைந்தது, அசையவில்லை. மாலை ஜெபத்துக்கு மணி அடித்ததும் பாதிப் பேர் சிலுவை போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய், மீன்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்து, மீதிப் பாதியைச் சாப்பிட அனுப்பினார்கள். பந்து தொங்கியபடி இருந்தது. அன்று சிப்பித்துறையில் எழுந்த முதல் கேள்வி இது எப்படி நடந்தது என்பதல்ல, நாளைக்குக் கடலுக்குப் போக வேண்டுமா வேண்டாமா என்பதுதான்.

எலாதியோவுக்கு அப்போது முப்பத்தேழு வயது. நடுக்கள ஆட்டக்காரர். பராகுவேயில் ஆற்றங்கரைச் செம்மண் மைதானம் ஒன்றில் தொடங்கி, போர்ச்சுக்கல்லில் ஒரு மலை ஊருக்கு இரண்டு வருடம், கிரேக்கத் தீவு ஒன்றுக்கு ஒன்றரை வருடம், எச்சில் துப்பினால் தரையில் விழுமுன் உறைந்துபோகும் கஜகஸ்தானில் ஒரு வருடம், மால்டா, வியட்நாம், கொல்கத்தா என்று ஆடித் தேய்ந்து வந்தவர். எந்த ஊரிலும் அவர் வந்திறங்கிய அன்று பத்திரிகைகள் அவரை அனுபவம் மிக்க வீரர் என்று எழுதின. அவரை அனுப்பிவைத்த அன்றும் அனுபவம் மிக்க வீரர் என்றே எழுதின. ஒரே சொல்லால் மாலை போடவும் கழுத்தைப் பிடித்துத் தள்ளவும் பத்திரிகைக்காரர்களுக்குத்தான் தெரியும். அவரிடம் இருந்த குறை ஒன்றே ஒன்றுதான்: யாரும் இல்லாத, ஆனால் யாராவது ஓடிவந்திருந்தால் நிச்சயம் கோலாகியிருக்கக்கூடிய இடமாகப் பார்த்துப் பந்தை அனுப்புவார். முன்னணி ஆட்டக்காரர்கள் ஓட மாட்டார்கள், இடுப்பில் கைவைத்துக்கொண்டு அவரையே முறைப்பார்கள். இப்படி ஏழு நாடுகளில் முறைக்கப்பட்டவர்.

அவரைச் சிப்பித்துறைக்குக் கொண்டுவந்தவர் சூசைமிக்கேல். இரண்டு விசைப்படகுகளுக்கும் ஊர்க் கால்பந்துக் கழகத்துக்கும் அவர்தான் தலைவர். கைபேசியில் நான்கு நிமிட வீடியோ ஒன்றைப் பார்த்து மயங்கிப்போனார். அதில் மூன்றரை நிமிடம் ஆடியது அதே எண் சட்டை போட்ட வேறொருவர் என்பது பின்னால்தான் தெரிந்தது. ஒப்பந்தத்தை நாகர்கோவிலில் ஒரு பத்திர எழுத்தரிடம் எழுதவைத்தார். நிலப் பத்திரமே எழுதிப் பழகிய மனிதர், வானம் முதல் பாதாளம் வரை எல்லா உரிமைகளையும் கழகத்தின் பேரில் எழுதிவிட்டு, 'இறுதிப் போட்டியின் கடைசி விசில் அடிக்கப்படும் வரை மேற்படி வீரர் கழகத்தின் அனுபவத்தில் இருப்பார்' என்று முடித்திருந்தார். எலாதியோ கையெழுத்துப் போட்டார். பாஸ்போர்ட்டைப் பத்திரமாக இருக்கட்டும் என்று கழகத்தின் அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். அவர் பெயர் யார் நாக்கிலும் புரளவில்லை. பராகுவேயைச் சுருக்கி, ஊர் அவரைப் பராக்கு என்று கூப்பிட்டது.

நடுவராக இருந்தவர் வில்பிரட் ஜெபசிங் சார், பள்ளி உடற்கல்வி ஆசிரியர். அவர் வேறு சபைக்காரர் என்ற ஒரே காரணத்துக்காக இரண்டு ஊரும் அவரை நடுநிலையானவர் என்று ஒப்புக்கொண்டிருந்தன. பந்து நின்றதும் அவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எண்பத்தொன்பது நிமிடம் நாற்பது நொடியில் அதுவும் நின்றிருந்தது. விசில் அடித்தால் சிப்பித்துறைக்காரர்கள், விழப்போன கோலைக் கெடுத்தாயே என்று அடிப்பார்கள். அடிக்காவிட்டால் நெட்டவிளைக்காரர்கள், பந்து விழும்வரை ஆட்டத்தை இழுக்கிறாயா என்று அடிப்பார்கள். இருபத்திரண்டு வருட அனுபவம் கைகொடுக்க, "பந்து ஆட்டத்தில் இருக்கிறது" என்று அறிவித்துவிட்டுக் கடைசிப் பேருந்தைப் பிடித்தார். அதன்பின் ஆறு வருடம் அவர் கடற்கரைப் பக்கமே தலைகாட்டவில்லை.

ஆட்டம் முடியவில்லை, ஆகவே ஒப்பந்தமும் முடியவில்லை.

முதல் மாதம் ஊர் வியந்தது. இரண்டாம் மாதம் கமிட்டி அமைத்தது. மேலிடத்திலிருந்து மூன்று குருக்கள் வந்து, அண்ணாந்து பார்த்து, வறுத்த நெய்மீன் சாப்பிட்டு, இதை ஏற்கவும் இல்லை மறுக்கவும் இல்லை என்று எழுதிக் கொடுத்துப் போனார்கள். ஒரு கல்லூரியிலிருந்து பேராசிரியர்கள் தூக்குக்குண்டோடு வந்து நாற்பத்தொரு அடி என்று அளந்து, மேலும் ஆராய வேண்டும் என்று சொல்லிவிட்டு ஆராயாமல் போனார்கள். ஏதோ ஒரு அலுவலகத்திலிருந்து, அனுமதியின்றி முப்பது அடிக்கு மேல் எழுப்பப்பட்ட கட்டுமானத்தின் உரிமையாளர் யார் என்று கேட்டு நோட்டீஸ் வந்தது. பந்துக்குக் கதவிலக்கம் இல்லாததால் அதை எங்கே ஒட்டுவதென்று தெரியாமல் பராக்குவின் முதுகில் ஒட்டிப் படம் எடுத்துக்கொண்டார்கள். தேர்தலில் ஒருவர் பந்தை இறக்குவேன் என்றார், மற்றவர் பந்தைக் காப்பேன் என்றார். ஜெயித்தவர் இரண்டையும் செய்யாமல் பந்துக்கு நேர் கீழே ஒரு நிழற்குடை கட்டித் திறந்துவைத்தார். அதன் கூரை மறைத்ததால், உள்ளே நின்றால் பந்து தெரியாது.

கடலுக்குப் போகிறவர்கள் மட்டும் அதை உருப்படியாகப் பயன்படுத்தினார்கள். கரையில் இரண்டு அடையாளங்களை ஒன்றோடொன்று நேர்பார்த்துக் கடலில் இடம் குறிக்கும் கணிச்சக் கணக்கில் பந்தையும் சேர்த்துக்கொண்டார்கள். கோயில் கோபுரத்துச் சிலுவையும் பந்தும் ஒன்றாய்த் தெரிந்தால் அடியில் பாறை, பாறையில் கலவாய் மீன். காய்ச்சல் கண்ட பிள்ளைகளை மத்தியான வேளையில் பந்தின் நிழலில் கிடத்தினார்கள். நிழல் ஒரு முறம் அளவுதான் இருந்தது, வெயிலோடு நகர்ந்துகொண்டும் இருந்தது. தாய்மார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அதன் பின்னாலேயே நகர்ந்தார்கள். சாயங்காலத்துக்குள் பிள்ளைக்குக் குணமாகும், தாய்க்குக் காய்ச்சல் வரும்.

ஆட்டம் நடந்துகொண்டிருப்பதால் ஆட்டக்காரர்கள் களத்தில் இருக்க வேண்டும். முதல் வருடம் எல்லோரும் நின்றார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கல்யாணம் முடித்தார்கள், வளைகுடாவுக்குப் போனார்கள், தொப்பை போட்டார்கள். நெட்டவிளை கோல்கீப்பர் துபாயிலிருந்து மாதாமாதம் விடுப்புக் கடிதம் அனுப்பினார். கடைசியில் நின்றது பராக்கு மட்டும்தான். தினமும் மாலை நான்கிலிருந்து ஆறுவரை, எட்டாம் எண் சட்டை போட்டு, பந்துக்குக் கீழே நிற்க வேண்டும். வெளியூரிலிருந்து பந்து பார்க்க வருகிறவர்களுக்குப் பக்கத்தில் ஒரு மனிதன் நின்றால்தான் படம் நன்றாக வருகிறது என்று கமிட்டி தீர்மானித்திருந்தது.

"தலைவரே, நான் வீட்டுக்குப் போகணும்," என்று பராக்கு ஒவ்வொரு வருடமும் போய்க் கேட்பார். முதல் வருடம் சைகையில் கேட்டார். மூன்றாம் வருடம் தமிழில் கேட்டார். ஐந்தாம் வருடம் சூசைமிக்கேலைவிட நல்ல தமிழில் கேட்டார்.

"போவும் வே, ஆரு வேண்டாம்னா? பந்து வரட்டு. வந்த அன்னைக்கே நான் கொண்டு ஏத்திவிடுதேன்," என்பார் சூசைமிக்கேல். "ஒமக்கு இங்க என்ன கொற? நல்ல சோறு, நல்ல மீனு. ஒம்ம ஊர்ல கடலு இருக்கா?"

"இல்ல."

"பொறவு என்ன மயித்துக்குப் போறீரு?"

அவருக்குச் சோறு போட்டது எமரென்சியா. ஐம்பதைத் தாண்டியவள், கணவன் இறந்தபின் நெத்திலி உணக்கி விற்றுப் பிழைப்பவள். மைதானத்தை ஒட்டி அவள் வீடு. ஆட்டம் இல்லாத நாளில் மைதானத்தில் கருவாடு காயப்போடுவது அந்தப் பக்கத்துப் பெண்களின் பழைய வழக்கம், அதற்காகக் கழகத்தோடு சண்டை போடுவது அதைவிடப் பழைய வழக்கம். பந்து நின்ற பிறகு மைதானம் புனிதத் தலம் ஆகிவிட்டது, கருவாடு காயப்போடத் தடை வந்தது. ஆட்டம் இல்லாத நாள் என்று ஒன்று இல்லாமலும் போய்விட்டது. எமரென்சியா தன் வீட்டுக் கூரையில் கூடை கூடையாக ஏற்றிக் காயவைத்து, காக்கைகளோடு ஆறு வருடம் போராடினாள். அவள் திட்டத் திட்டத்தான் பராக்கு தமிழ் கற்றார். அதனால் அவருக்குக் காக்கையைத் திட்டும் சொற்கள் எல்லாம் தெரிந்திருந்தன, வணக்கம் என்பது மட்டும் வெகுநாள் தெரியாமல் இருந்தது.

ஞாயிறு தோறும் பராக்குவின் மகள் மரீசெல் போன் செய்வாள். தாய் இல்லாத பெண், அத்தை வீட்டில் வளர்ந்தாள். பந்து நின்றபோது அவளுக்குப் பதினான்கு வயது. ஆரம்பத்தில், "அப்பா, உங்க மேட்ச் இன்னுமா முடியல?" என்று கேட்டுச் சிரிப்பாள். அப்புறம் சிரிக்காமல் கேட்டாள். அப்புறம் கேட்பதை விட்டாள். ஆறாம் வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆகஸ்ட் இருபத்திரண்டில் தனக்குக் கல்யாணம் என்றாள். பராக்கு சந்தோஷத்தில் எழுந்து நின்றார். அவள் தொடர்ந்து சொன்னாள்: "கோயில்ல கையப் பிடிச்சுக் கூட்டிட்டு நடக்க மாமாகிட்ட சொல்லிட்டேன். நீங்க வருத்தப்படாதீங்க. உங்கள நம்பி நிக்கிறதுக்கு எனக்குப் பயமா இருக்கு, அவ்வளவுதான்."

அன்று பராக்கு சாப்பிடவில்லை. எமரென்சியா தட்டை அவர் முன்னால் தள்ளினாள், அவர் திருப்பித் தள்ளினார். விஷயத்தைக் கேட்டதும் அவள் தட்டை எடுத்து மூடி வைத்தாள்.

"அந்த விசில்காரன் எங்க இருக்கான்?" என்றாள்.

மறுநாள் காலையில் இரண்டு பேருந்து மாறி, கூடை நிறையக் கருவாட்டோடு இருவரும் வில்பிரட் சார் வீட்டுக்குப் போனார்கள். ஓய்வுபெற்றுவிட்ட சார், ஜன்னல் வழியாகக் கடற்கரைக்காரர்கள் வருவதைப் பார்த்துப் பின்வாசலுக்கு ஓடினார். பின்வாசலில் எமரென்சியா நின்றாள்.

"ஓடாதீரும் சார். அடிக்க வரல. கருவாடு கொண்டாந்திருக்கேன்."

உள்ளே உட்காரவைத்தார். பராக்கு கல்யாணச் செய்தியைச் சொன்னார். மகளின் கல்யாணம் என்பதற்குப் பதிலாகத் தன் கல்யாணம் என்று வாய்தவறிச் சொல்லிவிட, சார் வாழ்த்துச் சொன்னார். எமரென்சியா திருத்தினாள்.

"விசில் அடிங்க சார். ஆட்டம் முடியட்டும்," என்றார் பராக்கு.

"எப்படித் தம்பி அடிக்கிறது? நேரம் முடியலையே." சார் ஒரு நகைப்பெட்டியைத் திறந்து அந்தக் கைக்கடிகாரத்தை எடுத்துக் காட்டினார். எண்பத்தொன்பது நாற்பது. "பந்து நின்ன அதே நொடியில இதுவும் நின்னுது. ஆறு வருஷமா அசையல. தெய்வ சித்தம்."

எமரென்சியா அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். "பேட்டரி மாத்தினீயளா?"

சமையலறையிலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது: "ஆறு வருஷமா நானும் இதத்தான் கேக்கேன்."

"மாத்தினா ஓடிரும்," என்றார் சார், மிகத் தாழ்ந்த குரலில். "ஓடினா இருபது நொடியில நான் விசில் அடிக்கணும். அடிச்சா என்னைக் கொன்னுருவாங்க அம்மா. சாகுற வயசுதான், இல்லைன்னு சொல்லல. ஆனா மைதானத்துல, எல்லாரும் பாக்க, அடி வாங்கிச் சாகறதுக்குக் கூச்சமா இருக்கு."

பராக்கு அந்தக் கடிகாரத்தை வாங்கிச் சாரின் கையில் வைத்தார். "சார், நான் ஏழு நாட்டுல தோத்திருக்கேன். கஜகஸ்தான்ல ஒன்பது கோல் வாங்கித் தோத்தோம். அன்னைக்கு ராத்திரி சூப்புக் குடிச்சேன், தூங்கினேன். தோத்தா அடுத்த நாள் வருது. இங்க அடுத்த நாளே வரமாட்டேங்குது." பிறகு சொன்னார்: "நீங்க விசில் அடிங்க. நான் உங்க முன்னால நிக்கிறேன். முதல் அடி எனக்கு விழட்டும்."

சார் எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது கறுப்புச் சட்டையும் கறுப்புக் கால்சட்டையும் அணிந்திருந்தார். கால்சட்டையின் பொத்தான் பூட்டவில்லை, மனைவி ஊக்கு குத்திவிட்டார். போகும் வழியில் ஒரு கடிகாரக் கடையில் பேட்டரி போட்டார்கள். ஓடாதபடி பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே சார் பேருந்தில் நின்றுகொண்டு வந்தார். உட்கார இடம் கிடைத்தும் உட்காரவில்லை.

அன்று திங்கட்கிழமை மாலை நான்கரை மணிக்கு அவர் மைதானத்தில் கால்வைத்தபோது யாரும் அவரை அடையாளம் காணவில்லை. நடுவட்டத்தில் போய் நின்றதும் கண்டுகொண்டார்கள். சிப்பித்துறை திரண்டது. தகவல் போய், நெட்டவிளை வேன் வைத்து வந்தது. சூசைமிக்கேல் வேட்டியை மடித்துக் கட்டியபடி ஓடிவந்து, "சார், பந்து ஆட்டத்துல இருக்குன்னு சொன்னது நீரு!" என்று கத்தினார். நெட்டவிளைக்காரர்கள், "அடிச்சுத்தான் பாரேன்!" என்று கத்தினார்கள். அது விசிலைச் சொன்னதா அவரைச் சொன்னதா என்று விளங்கவில்லை. பராக்கு எட்டாம் எண் சட்டையோடு சாருக்கு முன்னால் வந்து கைகளை விரித்து நின்றார். எமரென்சியா பின்னால் நின்றாள், கையில் கூடையோடு.

சார் பொத்தானை விட்டார். நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு. யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, பந்தைத்தான் பார்த்தார்கள். இருபது நொடியில் அது இறங்கிவிடும் என்று ஆறு வருடத்தில் முதல் தடவையாக உண்மையிலேயே நம்பினார்கள். அது இறங்கவில்லை. சார் மூன்று முறை விசில் அடித்தார், மூன்றாவது நீளமாக.

ஒருவரும் அடிக்கவில்லை. முதலில் அடிக்கிற ஊர்தான் தோற்ற ஊர் என்று ஆகிவிடும் என்பதால் இரண்டு ஊரும் மற்ற ஊருக்காகக் காத்திருந்தன. காத்திருப்பதில்தான் அவர்களுக்கு நல்ல பழக்கம் இருந்ததே. அரைமணி நேரம் காத்திருந்துவிட்டு, கசங்காத சட்டையோடு, லேசான ஏமாற்றத்தோடு, வில்பிரட் சார் பேருந்து ஏறினார்.

கழகம் பராக்குவுக்கு நான்கு மணி நேரம் பாராட்டு விழா நடத்தியது. பதினேழு பொன்னாடைகள் போர்த்தப்பட்டன. இப்படியொரு பந்தை ஊருக்குத் தந்துவிட்டுப் போகிறவர் என்று சூசைமிக்கேல் பேசும்போது நிஜமாகவே அழுதார். அவர் நெஞ்சறிய நம்பியது என்னவென்றால், பராக்குவுக்கு நன்மைதான் செய்தோம் என்பது. அலமாரியைத் திறந்து பாஸ்போர்ட்டைக் கொடுத்தார்கள். ஒரு மூலையைப் பூச்சி அரித்திருந்தது. படமும் எண்ணும் தப்பித்திருந்தன. மற்ற காகிதங்களுக்காக மூன்று வாரம் அலைந்தார். ஆகஸ்ட் இருபதாம் தேதி ஊர் போய்ச் சேர்ந்தார். மரீசெல் வாசலில் நின்று அவரைப் பார்த்தாள், கிட்டே வரவில்லை.

"எத்தன நாள் லீவு?"

"மேட்ச் முடிஞ்சிருச்சு மகளே."

அவள் அதை நம்ப இரண்டு நாள் எடுத்துக்கொண்டாள். கல்யாணத்தன்று கோயில் வாசலில், மாமாவின் கையை விட்டுவிட்டு இவர் கையைப் பிடித்தாள்.

சிப்பித்துறையில் ஆட்டம் முடிந்துவிட்டதால், மைதானத்தில் மறுபடியும் கருவாடு காயலாம் என்று ஆயிற்று. அடுத்த வருடப் போட்டி வேறு பந்தில் நடந்தது. மேலே நின்ற பந்தை யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. வெளியூர்க்காரர்கள் கேட்டால், "அங்கதான் இருக்கும்," என்று பார்க்காமலே கைகாட்டினார்கள். ஒன்றரை வருடம் கழித்து, ஒரு வியாழக்கிழமை முற்பகல் பதினோரு மணிக்கு, ஆண்கள் கடலிலும் பிள்ளைகள் பள்ளியிலும் இருந்தபோது, பந்து இறங்கியது. காய்ந்த பந்துபோலக்கூட இல்லை, புதிதாகக் காற்றடித்ததுபோல் நிழற்குடையின் விளிம்பில் பட்டு, இரண்டு முறை துள்ளி, நெத்திலிப் பாய்களுக்கு நடுவே உருண்டு வந்தது. எமரென்சியா தனியாக நின்றிருந்தாள்.

பந்து இல்லை என்பதை ஊர் கவனிக்க ஒன்பது நாளாயிற்று. கமிட்டி கூடியது. பந்து அங்கேதான் இருக்கிறது, மனசாட்சி சுத்தமாக இல்லாதவர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை என்று தீர்மானம் நிறைவேறியது. மறுநாளே சிப்பித்துறையில் எல்லோருக்கும் பந்து தெரியத் தொடங்கியது, சூசைமிக்கேலுக்கு அதில் தையல்கூடத் தெரிந்தது. இருந்தால் இருந்ததற்கு ஒரு கமிட்டி, விழுந்தால் விழுந்ததற்கு ஒரு கமிட்டி என்று அறிந்த எமரென்சியா யாரிடமும் வாய்திறக்கவில்லை. ஒரே ஒருவரிடம்தான் சொன்னாள். பந்து இறங்கிய அன்றே, கருவாட்டையெல்லாம் வாரிக் கட்டிவைத்துவிட்டு, சாயங்காலம் போன் செய்தாள். பராகுவேயில் அப்போது காலை. பராக்கு பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு ரொட்டி தின்றுகொண்டிருந்தார்.

"மக்கா, பந்து வந்துட்டு."

அவர் ரொட்டியைக் கீழே வைத்தார். "எங்க விழுந்தது?"

"நான் நின்ன எடத்துக்கே உருண்டு வந்துச்சு. நெத்திலி மேல ஏறிரும்போல இருந்துது. ஒரு மிதி விட்டேன். நெட்டவிளைக்காரன் கோலுக்குள்ள போயிட்டு."

லைன் போய்விட்டதோ என்று எமரென்சியா போனைத் தட்டினாள்.

"அக்கா," என்றார் பராக்கு, "எந்த மூலை?"

"மூலையெல்லாம் எனக்கு ஆரு கண்டா? நடுவுலதான் போச்சு."

"கோல்கீப்பர்?"

"ஒரு நாய் படுத்துக் கிடந்துச்சு. பந்து வர்றதப் பாத்து எழும்பி, அந்தால போயிட்டு."

"எந்தக் கால்ல அடிச்சீங்க?"

"வலது கால்ல."

"செருப்பு?"

"வெறுங்காலு. நல்ல வலி மக்கா, நகம் பேந்துபோச்சு," என்றாள் எமரென்சியா. பிறகு, அவர் கேட்காமலே, முதலிலிருந்து இன்னொரு தடவை சொல்லத் தொடங்கினாள்.